வெளிநாட்டு மறைப்பணிக்குத் தயாராகும் நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்கு: பெயரில் தொடங்கி விமானம் வரை

எனக்குச் சொந்த ஊர் தேவகோட்டைப் பக்கம் ஒரு கிராமம். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கையோடு ஒரு மறைப்பணிச் சபையில், அதாவது வெளிநாடுகளில் கிறிஸ்தவச் சமயப் பணி செய்யும் கன்னியர் சபையில், சேர்ந்தேன். இப்போது பிரேசிலில் இருக்கிறேன். வீட்டை விட்டுக் கிளம்பிய நாளிலிருந்து விமானம் ஏறிய நாள் வரை எட்டு ஆண்டுகள். அதில் கடைசிப் பதினோரு மாதம் காகிதத்துக்காகவே போனது. பயிற்சி முடிந்து, எங்கள் பங்குக் கோயிலில் பிரியாவிடைத் திருப்பலியும் வைத்து, மாலை போட்டு அனுப்பிய பிறகு, என் பெயர் மூன்று சான்றிதழில் மூன்று விதமாக இருந்ததால் நான் மட்டும் போக முடியாமல் நின்றேன். ஊருக்குத் திரும்பி வந்தபோது, "இன்னும் போகலையாம்மா?" என்று கேட்காதவர் இல்லை. அம்மா அந்த நாட்களில் சந்தைக்குப் போவதையே நிறுத்திவிட்டார்.

செபத்தையும் தியானத்தையும் உங்களுக்குக் கற்றுக்கொடுக்கப் பொறுப்பான சிஸ்டர்கள், ஃபாதர்கள் இருக்கிறார்கள். இந்தக் காகித வேலையை எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். கன்னியர் சபையில் சேர்பவர்களை மனத்தில் வைத்து எழுதினாலும், குருமடத்துக்குப் போகும் தம்பிகளுக்கும் பெரும்பாலானவை பொருந்தும்.

1. சேரும் முன் யாரிடம் போவது, என்ன கேட்பது

முதலில் உங்கள் பங்குத்தந்தை. அவருடைய கடிதம் இல்லாமல் எந்தச் சபையும் சேர்த்துக்கொள்ளாது. பொதுத்தேர்வு முடிந்ததும் ஏப்ரல், மே மாதங்களில் பல சபைகள் "வந்து பாருங்கள்" என்று சில நாள் முகாம் வைப்பார்கள். ஒன்றுக்குப் போனதும் முடிவெடுக்காமல் இரண்டு மூன்று முகாம்களைப் பாருங்கள்.

அங்கே கூச்சப்படாமல் கேளுங்கள்: சபைக்கு எந்தெந்த நாடுகளில் இல்லங்கள் இருக்கின்றன? முதல் வார்த்தைப்பாட்டுக்கு (துறவியாக வாழ்வதாகக் கொடுக்கும் வாக்குறுதி) பிறகு அனுப்புவார்களா, வாழ்நாள் முழுவதற்குமான நித்திய வார்த்தைப்பாட்டுக்குப் பிறகா? இடையில் பட்டப்படிப்பு உண்டா? வீட்டுக்கு எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை விடுமுறை? எந்த நாடு என்பதை நீங்கள் தேர்ந்தெடுக்க முடியாது. விருப்பத்தைச் சொல்லலாம், முடிவு சபையுடையது. "இத்தாலிக்கு அனுப்புவாங்களாம்" என்ற ஆசையில் சேர்பவர்கள் இரண்டாம் ஆண்டுக்குள் திரும்பிவிடுகிறார்கள். பார்த்திருக்கிறேன்.

காலக்கணக்கு ஏறக்குறைய இப்படி இருக்கும். ஆஸ்பிரன்ட், போஸ்டுலன்ட் என்று தொடக்கப் பயிற்சி நிலைகளில் ஒன்றிரண்டு ஆண்டு. பிறகு நவதுறவகம், நாம் பேச்சில் நாவிஷியேட் என்போமே, அது; வார்த்தைப்பாட்டுக்கு முன் பயிற்சி இல்லத்திலேயே தங்கித் துறவு வாழ்வைப் பயிலும் காலம். திருச்சபைச் சட்டப்படி குறைந்தது 12 மாதம், அதிகம் போனால் இரண்டு ஆண்டு. அதில் நுழைய 17 வயது முடிந்திருக்க வேண்டும். அப்புறம் தற்காலிக வார்த்தைப்பாடு, குறைந்தது மூன்று ஆண்டு, வழக்கமாக ஆறுக்குள். நித்திய வார்த்தைப்பாட்டுக்கு 21 வயதாவது ஆகியிருக்க வேண்டும்.

இங்கேயே ஒரு எச்சரிக்கை. எந்தத் துறவற சபையும் "வெளிநாட்டுக்கு அனுப்புகிறோம்" என்று உங்களிடம் பணம் கேட்காது. சபையின் பெயரைச் சொல்லி யாராவது முன்பணம் கேட்டால், மறுபேச்சு இல்லாமல் எழுந்து வந்துவிடுங்கள். மறைமாவட்ட அலுவலகத்தில் கேட்டால் அந்தச் சபை உண்மையா என்பது அன்றே தெரிந்துவிடும். நமக்குச் சிவகங்கை மறைமாவட்டம். புதுக்கோட்டைப் பக்கத்துப் பங்குகளில் இருப்பவர்கள் தங்கள் பங்கு எந்த மறைமாவட்டத்தில் வருகிறது என்று பங்குத்தந்தையிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

2. பெயரைச் சரிசெய்யுங்கள். மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான்

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் திண்ணையில் ஒரு பாயை விரியுங்கள். வீட்டில் இருக்கும் சான்றிதழ்களை எல்லாம் அதில் வரிசையாக வையுங்கள். பிறப்புச் சான்றிதழ், ஞானஸ்நானச் சான்றிதழ், பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், டி.சி., ஆதார், குடும்ப அட்டை, அப்பா அம்மா ஆதார். ஒரு தாளில் கோடு கிழித்து, உங்கள் பெயர், அப்பா பெயர், அம்மா பெயர், பிறந்த தேதி, பிறந்த ஊர் ஆகியவை ஒவ்வொன்றிலும் எப்படி இருக்கின்றன என்று எழுத்துக்கு எழுத்து பார்த்து எழுதுங்கள். ஆங்கிலத்தில் உள்ளதையும் பார்க்க வேண்டும். தமிழில் ஒன்றாகத் தெரிவது ஆங்கிலத்தில் இரண்டாக இருக்கும்.

நம் கிறிஸ்தவக் குடும்பங்களில் இந்தச் சிக்கல் வேறு யாருக்கும் இல்லாத அளவுக்கு இருக்கிறது. ஊரில் சூசை என்பவர் கோயில் பதிவேட்டில் ஜோசப். ராயப்பன் பீட்டராக இருப்பார், சின்னப்பன் பாலாக இருப்பார், அருளப்பன் ஜானாக இருப்பார், சவேரியார் சேவியராக இருப்பார். நமக்கு இரண்டும் ஒரே பெயர்தான். கவுன்டரில் உட்கார்ந்திருப்பவருக்கு அவர்கள் இரண்டு வெவ்வேறு ஆட்கள். என் ஞானஸ்நானப் பதிவில் அப்பா பெயர் ஜோசப், ஆதாரில் சூசை, என் மதிப்பெண் பட்டியலில் வெறும் இனிஷியல். எனக்கோ ஞானஸ்நானத்தில் பாட்டி பெயர், பள்ளியில் வேறு பெயர், ஆதாரில் அந்தப் பள்ளிப் பெயரில் ஒரு எழுத்துக் குறைவு. அந்தப் பதினோரு மாதத்துக்கு இதுதான் காரணம்.

எதை அடிப்படையாக வைப்பது? பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலை. படித்து முடித்த பிறகு மாற்றக் கடினமானது அதுதான். மற்றவற்றை அதற்கு ஏற்பத் திருத்துங்கள். இன்னும் பத்தாவது எழுதாத தம்பி தங்கை வீட்டில் இருந்தால், பள்ளியில் பெயர்ப் பட்டியல் அனுப்பும்போதே எழுத்துக்கூட்டிச் சரிபார்க்கச் சொல்லுங்கள். அந்த ஐந்து நிமிடம் பின்னால் ஐந்து மாதத்தை மிச்சப்படுத்தும்.

ஆதார் திருத்தம் எளிது, நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். ஆனால் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் திருத்தலாம், பிறந்த தேதியை ஒரே ஒருமுறை. அவசரப்பட்டுத் தப்பாகத் திருத்தி ஒரு வாய்ப்பை வீணாக்க வேண்டாம். பெயரே வேறாக இருந்தால் அரசிதழில் பெயர் மாற்றம் வெளியிட வேண்டியிருக்கும். அதற்கு வாரக்கணக்கில் ஆகும், சீக்கிரம் தொடங்குங்கள்.

பிறப்புச் சான்றிதழில் மூன்று பொறிகள் உண்டு. முதலாவது, நம் பக்கம் தலைப்பிள்ளைக்குப் பிரசவம் தாய்வீட்டில். பிறந்த இடம் எந்த ஊராட்சி, நகராட்சி எல்லையோ அங்கேதான் பதிவும் இருக்கும். என் அம்மாவுக்குத் தாய்வீடு புதுக்கோட்டை மாவட்டம். நான் சிவகங்கை மாவட்ட அலுவலகங்களில் மூன்று முறை தேடிவிட்டு, அப்புறம்தான் அம்மாயி சொல்லி அங்கே போனேன். ஞானஸ்நானமும் அங்கேயே கொடுத்திருந்தால் அந்தப் பதிவேடும் அந்தப் பங்கில்தான். இரண்டாவது, பழைய சான்றிதழ் பலவற்றில் குழந்தையின் பெயர் என்ற இடம் காலியாகவே இருக்கும். பெயரைச் சேர்க்கப் பிறப்புப் பதிவாளரிடம் விண்ணப்பிக்க வேண்டும். மூன்றாவது, கையால் எழுதிய தமிழ்ச் சான்றிதழ் வெளிநாட்டுக்கு உதவாது. ஆங்கிலமும் சேர்ந்த கணினிப் பிரதி வாங்குங்கள், ஒன்றுக்கு மூன்றாக.

ஞானஸ்நானச் சான்றிதழைப் புதிதாக எழுதி வாங்க வேண்டும். குழந்தையாக இருந்தபோது கொடுத்து, அம்மா பீரோவில் வைத்திருப்பதைச் சபைகள் ஏற்காது. உங்களுக்குத் திருமணம் ஆகவில்லை என்பது பதிவேட்டின் ஓரக்குறிப்பிலிருந்து தெரிய வேண்டும், அதனால்தான். உறுதிப்பூசுதல் சான்றிதழும் கூடவே வேண்டும்.

சபையில் சேர்ந்த பிறகு துறவறப் பெயர் கொடுத்தால் அதை எந்த அரசு ஆவணத்திலும் ஏற்றாதீர்கள். மதிப்பெண் பட்டியலில் உள்ள பெயரோடுதான் கடல் தாண்டப் போகிறீர்கள்.

3. பாஸ்போர்ட்: நவதுறவகத்துக்குள் போகும் முன்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தை எடுத்துக்கொள்வதானால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் படுத்துத் தூங்கும் காலத்திலேயே பாஸ்போர்ட்டை எடுத்துவிடுங்கள்.

காரணம் திருச்சபைச் சட்டத்தில் இருக்கிறது. எண் 649. நவதுறவகத்தை விட்டு 15 நாளுக்கு மேல் வெளியே இருந்தால் அந்த நாட்களை ஈடுகட்ட வேண்டும். தொடர்ந்தோ விட்டு விட்டோ மூன்று மாதத்தைத் தாண்டினால் நவதுறவே செல்லாது. அந்த ஆண்டில் மதுரைக்கு ஒரு நாள், போலீஸ் விசாரணைக்கு ஊருக்கு ஒரு நாள், திருத்தத்துக்கு இன்னொரு நாள் என்று அலைய உங்களுக்கும் மனம் வராது, பொறுப்பாளரும் அனுப்ப மாட்டார். அது வெளியே போகும் காலமும் அல்ல.

விண்ணப்பம் ஆன்லைனில். கட்டணம் 36 பக்கத்துக்கு 1,500 ரூபாய், 60 பக்கத்துக்கு 2,000. தட்கல் என்றால் மேலும் 2,000. 36 பக்கமே போதும். காரைக்குடி, தேவகோட்டை எல்லாம் சிவகங்கை மாவட்டம், மதுரை மண்டல அலுவலகத்தின் கீழ் வரும். முகவரி புதுக்கோட்டை மாவட்டமானால் திருச்சி. சான்றிதழ் சரிபார்ப்புக்கு நேரில் போக வேண்டும்; மதுரைக்குக் காலையில் முதல் பஸ்ஸைப் பிடித்தால் குறித்த நேரத்துக்குப் போய்விடலாம். மூலச் சான்றிதழ்களை மறக்காதீர்கள், நகல் மட்டும் வைத்துக்கொண்டு வரிசையில் நின்று பலனில்லை.

படிவத்தில் இனிஷியலை ஏற்க மாட்டார்கள், அதை விரித்து எழுத வேண்டும். அப்பா பெயரைக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் போட்டு, அப்பா ஆதாரில் உள்ள அதே எழுத்துகளில் எழுதுங்கள். கட்டத்தைக் காலியாக விட்டு ஒற்றைப் பெயரோடு எடுத்தால் பின்னால் சில நாடுகளின் விசாவில் சிக்கல் வரும். பிறகு வரும் தடுப்பூசி அட்டை, போலீஸ் சான்றிதழ், விசா எல்லாம் இந்தப் பெயரையே பின்தொடரும்.

பத்தாம் வகுப்பு தேறிய சான்றைக் கட்டாயம் காட்டுங்கள். இல்லாவிட்டால் குடியேற்ற அனுமதி தேவை என்ற முத்திரையோடு வரும். வளைகுடா நாடுகள், மலேசியா, சூடான் போன்ற 18 நாடுகளுக்கு வேலைக்குப் போகும்போது அது தடையாக நிற்கும்.

முகவரியில் நான் மாட்டிக்கொண்டதைச் சொல்கிறேன். நவதுறவெல்லாம் முடிந்த பிறகு விண்ணப்பித்ததால், அப்போது தங்கியிருந்த திண்டுக்கல் பக்கத்து இல்லத்தின் முகவரியைப் போட்டேன். ஆதாரில் ஊர் முகவரி. முகவரிச் சான்று பொருந்தவில்லை என்று கோப்பு நின்றது. ஊர் முகவரிக்கு மாற்றி விண்ணப்பித்தேன். விசாரணைக்கு வந்த காவலர், "பொண்ணு இங்கே இல்லையே" என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். அவர் மேல் தப்பில்லை, நான் உண்மையிலேயே அங்கே இல்லை. வீட்டில் இருக்கும்போது எடுத்திருந்தால் இந்த இரண்டுமே வந்திருக்காது. விசாரணை முடியும் வரை ஊரை விட்டு அசையாதீர்கள். பக்கத்து வீட்டார் இருவரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

18 முடிந்து எடுக்கும் பாஸ்போர்ட் 10 ஆண்டு செல்லும். பயிற்சியே ஏழெட்டு ஆண்டு ஆவதால், கிளம்பும்போது இரண்டு மூன்று ஆண்டுதான் மிச்சம் இருக்கும். காலாவதிக்கு ஓராண்டு முன்பிருந்தே புதுப்பிக்க விண்ணப்பிக்கலாம். விசாவுக்குக் குறைந்தது ஆறு மாதமாவது மிச்சம் கேட்பது பொது வழக்கம். எடுத்ததும் காலாவதித் தேதியைச் சபையின் மாநிலத் தலைவியிடம் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

4. பயிற்சி இல்லத்தில் நாட்கள் எப்படிப் போகும்

கொண்டு போக வேண்டியது அதிகமில்லை. பாய், தலையணை, இரண்டு போர்வை, தட்டு, டம்ளர், டார்ச், ஊசி நூல், குடை, விவிலியம், ஆங்கில அகராதி ஒன்று. துணி எந்த நிறம், எத்தனை செட் என்று சபையே பட்டியல் தரும். எனக்கு மொத்தம் ஆறாயிரம் ரூபாய் ஆனது. காரைக்குடியில் வாங்கிய டிரங்குப் பெட்டிதான் அதில் பெரிய செலவு. அது தேவைப்படவே இல்லை, அங்கே அலமாரி இருந்தது. பெட்டி வாங்கும் முன் கேட்டுவிடுங்கள்.

காலை ஐந்து மணிக்கு மணி அடிக்கும். ஐந்தரைக்குக் கோயிலில் தியானம், காலைச் செபம், திருப்பலி. ஏழரை வரை யாரும் பேசக் கூடாது. பிறகு சாப்பாடு, ஆளுக்கொரு வேலை. எனக்கு முதல் மாதம் மாட்டுக்கொட்டில். ஒன்பதரைக்கு வகுப்புகள்: விவிலியம், சபையின் சட்டநூல், திருவழிபாடு, ஆங்கிலம். மதியத்துக்குப் பிறகு தோட்டம். மாலையில் செபமாலை, நற்கருணை முன் அரைமணி. இரவுச் செபத்துக்குப் பிறகு மறுநாள் திருப்பலி வரை பெரிய மௌனம். செல்போன் கிடையாது. மாதம் ஒரு ஞாயிறு இல்லத்துத் தொலைபேசியில் பத்து நிமிடம் வீட்டோடு பேசலாம். இது எங்கள் இல்லத்துக் கணக்கு, சபைக்குச் சபை மாறும்.

முதல் வாரம் எல்லாம் புதுசாக இருப்பதால் தெரியாது. மூன்றாவது வாரம்தான் வரும். எனக்கு அது சாப்பாட்டு மேசையில் வந்தது. அறுபது பேருக்கு வைத்த சாம்பாரில் காரமும் இல்லை, உப்பும் இல்லை. கரண்டியைக் கையில் பிடித்தபடியே அழுதேன். பக்கத்தில் இருந்த ஒடிசாப் பெண் ஒன்றும் சொல்லாமல் தன் தட்டிலிருந்த பச்சை மிளகாயை எடுத்து என் தட்டில் வைத்தாள். அன்றிலிருந்து நான் அவளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தேன், அவள் எனக்கு இந்தி சொல்லிக்கொடுத்தாள்.

அழுகை வந்தால் அழுதுவிடுங்கள். பொறுப்பாளரிடம் மறைக்காதீர்கள். மறைத்தவர்கள்தான் திடீரென்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். சொன்னவர்களில் பலர் நிலைத்தோம். சொல்லிவிட்டுத் தெளிவோடு வீட்டுக்குத் திரும்பியவர்களும் உண்டு. அவர்களை யாரும் குறைவாகப் பேசக் கூடாது. பயிற்சிக் காலம் என்று ஒன்று இருப்பதே இரண்டு பக்கமும் பார்த்து முடிவு செய்யத்தான்.

பெற்றோருக்கு ஒன்று. பார்க்க வரும்போது தேன்குழல், சீப்புச்சீடை, மாவுருண்டை என்று டின் டின்னாகக் கொண்டுவருவீர்கள். அது பொது அலமாரிக்குப் போகும், உங்கள் பிள்ளைக்கு அதில் இரண்டு கிடைக்கும். வருத்தப்படாதீர்கள். கொண்டுவருவதானால் எல்லோருக்கும் ஆகிற மாதிரி கொண்டுவாருங்கள். என் அம்மா இரண்டாவது முறை வந்தபோது அறுபது அதிரசம் எண்ணிக் கொண்டுவந்தார்.

தமிழ் வழியில் படித்தவர்கள் ஆங்கிலத்துக்கு இப்போதே உட்காருங்கள். பயிற்சி நூல்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான். போர்த்துக்கீசியமோ ஸ்பானிஷோ படிக்க வரும் நூல்களும் ஆங்கிலத்தின் வழியாகத்தான் கிடைக்கும். நான் முதல் ஆண்டு வகுப்பில் பாதியைப் பயத்திலேயே இழந்தேன்.

5. சொத்துப் பேச்சை வீட்டில் முன்பே பேசுங்கள்

நம் பக்கம் இதைப் பேசக் கூச்சப்படுவோம். முதல் வார்த்தைப்பாட்டுக்கு முன், உங்கள் பெயரில் உள்ள சொத்தை யார் நிர்வகிப்பது என்று எழுதிக் கொடுக்க வேண்டும். நித்திய வார்த்தைப்பாட்டுக்கு முன், அரசுச் சட்டப்படி செல்லும் உயில் எழுத வேண்டும். இரண்டும் திருச்சபைச் சட்டம். பூர்வீக வீடோ நிலமோ பங்கு பிரிக்காமல் கிடந்தால், அண்ணன் தம்பிகளோடு உட்கார்ந்து விடுமுறையிலேயே பேசி முடியுங்கள். நீங்கள் வெளிநாட்டில் இருக்கும்போது பத்திர அலுவலகத்தில் ஒரு கையெழுத்துக்காக மொத்தக் குடும்பமும் காத்திருக்கும். எங்கள் வீட்டில் இரண்டு ஆண்டு காத்திருந்தார்கள்.

6. தடுப்பூசிகள்

ஹெபடைட்டிஸ் பி மூன்று ஊசி: முதல் நாள், ஒரு மாதம் கழித்து, ஆறாம் மாதம். ஆக, நாடு முடிவான அன்றே முதல் ஊசியைப் போட்டுவிட வேண்டும். டைபாய்டு, ஹெபடைட்டிஸ் ஏ, டெட்டனஸ் எல்லாம் டாக்டரிடம் கேட்டு ஊரிலேயே போட்டுக்கொள்ளலாம்.

மஞ்சள் காய்ச்சல் ஊசி மட்டும் எல்லா இடத்திலும் கிடைக்காது. அரசு அங்கீகரித்த மையங்களில் மட்டும்தான் போடுவார்கள். சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட், துறைமுகச் சுகாதார அலுவலகங்கள் அப்படிப்பட்டவை. நமக்குத் தூத்துக்குடி துறைமுகம் கிட்டே. வாரத்தில் குறிப்பிட்ட நாளில்தான் போடுவார்கள், முன்பதிவு வேண்டும், பாஸ்போர்ட் மூலத்தைக் காட்ட வேண்டும். போட்டு 10 நாள் கழித்துத்தான் செல்லும், நாளைக் கணக்கிட்டுப் பயணச்சீட்டு எடுங்கள். ஒருமுறை போட்டால் வாழ்நாளுக்கும் போதும். 2016 ஜூலை முதல் இதுதான் உலக சுகாதார விதி. பத்தாண்டுக்கு ஒருமுறை போட வேண்டும் என்று யாராவது சொன்னால் அது பழைய கணக்கு. முட்டை ஒவ்வாமை இருந்தால் ஊசிக்கு முன்பே சொல்லுங்கள், கடந்த ஒரு மாதத்தில் போட்ட மற்ற ஊசிகளையும் சொல்லுங்கள்.

"நான் போகும் நாட்டில் கேட்க மாட்டார்களாமே" என்று விட்டுவிடாதீர்கள். பிரேசிலிலிருந்தோ ஆப்பிரிக்காவில் அந்த நோய் உள்ள நாடுகளிலிருந்தோ இந்தியா திரும்பும்போது நம் விமான நிலையத்தில் கேட்பார்கள். ஊசி போட்டதற்குத் தரும் மஞ்சள் அட்டை இல்லாவிட்டால் ஆறு நாள் வரை தனிமையில் வைக்கலாம். அப்பா உடம்பு முடியாமல் கிடக்கும்போது அவசரமாக வருபவருக்கு ஆறு நாள் எவ்வளவு பெரியது என்று நினைத்துப் பாருங்கள்.

பல்லையும் பார்த்துவிடுங்கள். சொத்தைப் பல்லோடு அமேசான் பக்கம் போனால் பல் டாக்டரைப் பார்க்க ஒரு நாள் படகில் போக வேண்டியிருக்கும்.

7. மொழி

நாடு தெரிந்ததும் தினமும் ஒரு மணி நேரம், குறைந்தது நான்கு மாதம். பிரெஞ்சு பேசும் நாடானால் புதுச்சேரி அலியான்ஸ் ஃபிரான்சேஸ் இருக்கிறது. போர்த்துக்கீசியத்துக்கு நம் பக்கம் வகுப்பு இல்லை, ஆன்லைன்தான்.

போர்த்துக்கீசியம் என்று கேட்டதும் பயந்தேன். முதல் பாடத்திலேயே பயம் போனது. சாவிக்கு அங்கே 'ஷாவி', ஜன்னலுக்கு 'ஜனேலா', அலமாரிக்கு 'அர்மாரியு', மேசைக்கு 'மேசா'. எங்கள் ஊர்ப் பெரிய வீட்டுக் கதவுக்கு முழங்கை நீளத்துக்கு ஒரு சாவி இருக்கும். சின்ன வயதில் அதைத் தூக்கி விளையாடியபோது போர்த்துக்கீசியம் பேசிக்கொண்டிருந்திருக்கிறேன். மூக்கால் வரும் ஒலிகள்தான் நமக்குக் கஷ்டம், அவற்றைத் தனியாகப் பழகுங்கள்.

புத்தகத்தை விட உயிருள்ள ஆளோடு பேசுவதே மேல். அந்த நாட்டில் இருக்கும் உங்கள் சபைச் சகோதரியிடம் வாரம் இருமுறை வீடியோவில் பேச அனுமதி கேளுங்கள். சருகணியில் அடங்கியிருக்கும் லெவே சாமி பிரான்சிலிருந்து வந்து நம் சனத்தோடு தமிழில் பேசியவர். கிளம்பும் முன் அவர் கல்லறையில் போய் உட்கார்ந்து, எனக்கும் நாக்கு வளைய வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

8. போலீஸ் சான்றிதழ், அப்போஸ்டில், விசா

இங்கேதான் பணமும் நாளும் கரையும். வரிசையை மாற்றாதீர்கள்.

முதலில் கல்விச் சான்றிதழ்களும் பிறப்புச் சான்றிதழும். இவற்றை மாநில அரசின் உரிய துறை சரிபார்த்த பிறகு வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில் முத்திரை, அதாவது சான்றிதழ் உண்மையானது என்று வெளிநாடுகள் ஏற்பதற்கான முத்திரை. கல்விச் சான்றிதழுக்கு ஒரு வழி, பிறப்புச் சான்றிதழுக்கு வேறு வழி, ஒன்றாகக் கட்டிக் கொடுக்க முடியாது. அப்போஸ்டிலுக்கு அரசுக் கட்டணம் ஆவணம் ஒன்றுக்கு 50 ரூபாய்தான், அதோடு அமைச்சகம் நியமித்த சேவை நிறுவனத்தின் சிறு கட்டணம். தெருமுனை ஏஜென்ட் ஒருவர் என்னிடம் நான்கு ஆவணத்துக்குப் பதினாறாயிரம் கேட்டார்.

லேமினேட் செய்த சான்றிதழில் முத்திரை குத்த முடியாது. நம் வீடுகளில் மதிப்பெண் பட்டியல் கைக்கு வந்த அன்றே ஓடிப்போய் லேமினேட் செய்துவிடுவோம். செய்யாதீர்கள். செய்துவிட்டால், பிரிக்கத் தெரிந்தவரிடம் கொடுத்துப் பிரித்துப் பாருங்கள், கிழிந்தால் இரண்டாம் படிக்கு விண்ணப்பிக்க வேண்டும். நான் அதற்கு நான்கு மாதம் காத்திருந்தேன்.

போகும் நாடு அப்போஸ்டிலை ஏற்கும் ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பிரேசில் 2016 முதல், பிலிப்பைன்ஸ் 2019 முதல் ஏற்கின்றன. ஒப்பந்தத்தில் இல்லாத நாடானால் அந்நாட்டுத் தூதரகத்தின் சான்றொப்பம் வேண்டும், அதற்குக் கூடுதல் நாளும் செலவும்.

சென்னை வேலைக்குப் பல்லவன் எக்ஸ்பிரஸ் ரயிலில் போகாதீர்கள். விடியற்காலை காரைக்குடியில் ஏறினால் எழும்பூர் சேரப் பகல் பன்னிரண்டு ஆகிவிடும், அலுவலகத்தில் காலை வேலை முடிந்திருக்கும். இரவு வண்டியில் போய், காலையில் முதல் ஆளாக நின்று, மறுநாளுக்கும் ஒரு தங்குமிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

போலீஸ் சான்றிதழைக் கடைசியில் எடுங்கள். பாஸ்போர்ட் தளத்திலேயே விண்ணப்பம், 500 ரூபாய். பல நாடுகள் சில மாதத்துக்குள் எடுத்ததைத்தான் ஏற்கும். ஆர்வத்தில் முதலிலேயே எடுத்து, மற்றவை வரும் முன் அது காலாவதியாகி, இரண்டாம் முறை எடுத்தவள் நான். பிரேசிலுக்கு அதற்கும் அப்போஸ்டில் வேண்டும்.

விசாவுக்கு அழைப்புக் கடிதம் அங்குள்ள சபையிடமிருந்து வரும், செலவை ஏற்கும் உறுதிக் கடிதமும் அவர்களே தருவார்கள். பிரேசிலில் மறைப்பணியாளருக்கென்றே தனி விசா வகை உண்டு. சுற்றுலா விசாவில் போய்விட்டு அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள்.

9. கிளம்பும் மாதமும் இறங்கிய பிறகும்

ஆதாரோடு இணைத்த செல்போன் எண்ணை விட்டுவிடாதீர்கள். ரீசார்ஜ் செய்யாமல் கிடந்தால் எண் வேறொருவருக்குப் போய்விடும், அப்புறம் எந்த ஓடிபியும் உங்களுக்கு வராது. வீட்டில் ஒரு நம்பிக்கையான ஆளிடம் சிம்மைக் கொடுத்து, ரீசார்ஜ் செய்யும் தேதியைக் காலண்டரில் குறித்துவிட்டு வாருங்கள். வங்கியில் வெளிநாடு போவதைச் சொல்லிக் கணக்கை வெளிநாட்டில் வாழ்வோருக்கான கணக்காக மாற்றிக்கொள்ளுங்கள். பெட்டியில் மிளகாய்ப்பொடிக்கு இடம் வைக்கலாம். விதை, கருவாடு, இறைச்சி வேண்டாம், சுங்கத்தில் எடுத்துவிடுவார்கள். பிரேசிலில் மரவள்ளிக்கிழங்கு தினமும் உண்டு, அரிசியும் பீன்ஸும் உண்டு. காரத்தைத்தான் நாம் கொண்டுபோக வேண்டும்.

பிரேசிலில் இறங்கிய 90 நாளுக்குள் மத்தியக் காவல் துறையில் பதிவு செய்ய வேண்டும். அங்கே பெற்றோர் பெயரைக் காட்டும் ஆவணம் கேட்பார்கள். என்னோடு வந்த ஒரு சகோதரி தன் பிறப்புச் சான்றிதழுக்கு அப்போஸ்டில் வாங்காமல் வந்துவிட்டார். விசாவுக்குக் கேட்கவில்லை, அதனால் வேண்டாம் என்று நினைத்துவிட்டார். அவருடைய அப்பா அறுபத்தாறு வயதில் சென்னைக்கு நான்கு முறை அலைந்து வாங்கிக் கூரியரில் அனுப்பினார். அது வந்து சேர்ந்தபோது கெடுவுக்கு ஆறு நாள் மிச்சம்.

பிறப்புச் சான்றிதழ் மூலம், அதன் அப்போஸ்டில், போலீஸ் சான்றிதழ், மஞ்சள் அட்டை, சபைத் தலைவியின் கடிதம். இந்த ஐந்தும் தோளில் மாட்டும் பையில் இருக்கட்டும். பெட்டிக்குள் வைக்காதீர்கள், பெட்டி சில நேரம் வேறு விமானத்தில் வரும்.